தொடையிடுக்குக் குடலிறக்கம்: கத்தியா, கமராவா?

குடலிறக்கம், அதாவது ஹேர்னியா, பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எனக்கு வயது 51. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்து, 'வெட்டித் திறந்து மெஷ் வைப்போம்' என்று திகதி கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் மச்சானோ, 'இப்போது யார் வெட்டுகிறார்கள்? மூன்று ஓட்டை போட்டு கமரா விட்டுச் செய்கிறார்கள். அடுத்த நாளே எழும்பி நடக்கலாம்' என்கிறார். கடன் வாங்கியாவது தனியாரிடம் போகவா?
– அட்டன் வாசகர்

கடன் வாங்காதீர்கள். உங்களுக்குச் சொல்லியிருப்பது கழித்துவிடப்பட்ட பழைய முறை அல்ல. மச்சான் சொன்னதிலும் ஒரு திருத்தம் உண்டு: வெட்டிச் செய்துகொண்டவரும் அன்று மாலையே, பிந்தினால் மறுநாள், எழும்பி நடக்கிறார்.

குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவரில் விழுந்த ஓர் ஓட்டை. அதன் வழியாக வயிற்றின் உள்உறை பை போலப் பிதுங்கி வருகிறது. பையோடு கொழுப்போ குடலோ வரலாம். மாத்திரையாலோ தைலத்தாலோ அந்த ஓட்டை மூடாது. இன்று பெரியவர்களுக்கு எந்த முறையில் செய்தாலும் பையை உள்ளே தள்ளிவிட்டு, பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலால் பின்னிய வலையை, அதாவது மெஷ்ஷை, வைத்துத்தான் பலப்படுத்துகிறார்கள். வித்தியாசம் அந்த வலையை எந்தப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பதில்தான்.

திறந்து செய்யும்போது தொடை மடிப்புக்குச் சற்று மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை வெட்டுவார்கள். விதைப்பைக்குப் போகும் நாண் போன்ற கட்டைப் பிரித்தெடுத்து, பையை உள்ளே அனுப்பிவிட்டு, ஏறக்குறைய 7க்கு 15 சென்ரிமீற்றர் வலையைத் தசையின் முன்பக்கம் விரித்துத் தைப்பார்கள். அமெரிக்காவின் லிக்டன்ஸ்டைன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1980களில் பரப்பிய முறை இது. அதற்கு முன்பு தசையையே இழுத்து ஒன்றோடொன்று தைத்தார்கள். இழுத்துத் தைத்த இடம் வலித்தது, பலருக்குத் திரும்பவும் பிய்ந்தது. முதுகில் ஊசி போட்டும் இதைச் செய்யலாம், அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தும் செய்யலாம். முழு மயக்கம் கட்டாயமில்லை.

மச்சான் சொன்ன கமரா முறைக்கு, அதாவது துளை முறைக்கு, முழு மயக்கம் வேண்டும். தொப்புளுக்குக் கீழே 10 அல்லது 12 மில்லிமீற்றரில் ஒரு துளை, 5 மில்லிமீற்றரில் இரண்டு துளைகள். கரியமிலவாயுவை ஊதி இடமெடுத்து, கமராவில் பார்த்தபடி பையை உட்புறமிருந்து இழுத்தெடுத்து, குறைந்தது 10க்கு 15 சென்ரிமீற்றர் வலையைத் தசையின் பின்பக்கம் விரிப்பார்கள். வயிற்றறைக்குள் போய் உள்உறையைக் கீறி, வலையை வைத்து மறுபடி மூடுவது ஒரு வகை. வயிற்றறைக்குள் போகாமல் தசைக்கும் உறைக்கும் இடையிலேயே வேலையை முடிப்பது இன்னொரு வகை. நோயாளியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை.

கிழங்கு மூட்டையில் ஓட்டை விழுந்தால் உள்பக்கமாக ஒட்டுப்போட்ட துணியைக் கிழங்கின் பாரமே சாக்கோடு அழுத்திப் பிடிக்கும். பின்பக்கம் வைத்த வலையும் அப்படித்தான், வயிற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. அதனால் தையலும், வலையைப் பிடிக்க அடிக்கும் சிறு ஆணியும் குறைவு, வலியும் குறைவு. அதோடு, தொடையிடுக்கில் குடல் இறங்கக்கூடிய மூன்று வாசல்களையும் ஒரே வலை மூடிவிடும்.

இனி பலனுக்கு வருவோம். திரும்ப வரும் வாய்ப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமம். முதல் நாட்களின் வலி துளை முறையில் குறைவு, வழக்கமான வேலைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முந்தித் திரும்பலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிதான் இந்தச் சத்திரசிகிச்சையின் உண்மையான தலைவலி. இரண்டு முறைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் பத்துப் பேரளவுக்கு ஏதோ ஒரு வலி தங்குகிறது. அன்றாட வேலையைக் கெடுக்கும் வலி அதில் சிறு பகுதியினருக்கே. திறந்து செய்யும்போது அந்த வழியாகப் போகும் மூன்று சிறு நரம்புகளில் ஒன்று தையலிலோ வலையிலோ சிக்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே இதிலும் துளை முறைக்குச் சிறிது சாதகம் உண்டு.

அப்படியானால் ஏன் தடுக்கிறேன்? அந்தச் சாதகமெல்லாம் பழகிய கையில்தான். துளை முறையில் கை படிய ஒரு நிபுணருக்கு 50 முதல் 100 சத்திரசிகிச்சை வரை தேவைப்படும் என்று சொல்வார்கள். பழகாத கையில் வலை சிறிதாகிப்போகும், கீழ்விளிம்பு சுருண்டுகொள்ளும், அந்த இடுக்கு வழியாகவே குடல் மறுபடி இறங்கும். ஆணியைத் தவறான இடத்தில் அடித்தால் நரம்பு மாட்டும். அரிதாகக் குடலோ சிறுநீர்ப்பையோ பெரிய இரத்தக்குழாயோ காயப்படலாம். திறந்த முறையில் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் உங்களைப் போன்ற ஆணுக்குத் துளை முறையைப் பரிந்துரைத்துவிட்டு, 'அதில் தேர்ந்தவரும் வசதியும் இருந்தால்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. அந்த நிபந்தனையை மச்சான்மார் யாரும் சொல்வதில்லை.

கிளினிக்கில் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். 'நீங்கள் அதிகமாகச் செய்வது எந்த முறை? எனக்கு அதைவிட மற்றது நல்லதென்று சொல்ல ஏதாவது காரணம் இருக்கிறதா?' காரணம் இருந்தால் அவரே அது நடக்கும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். கண்டியிலோ பேராதனையிலோ கேட்டுப் பார்க்கலாம். எப்படியும் தனியாரிடம்தான் போவதென்றால், சொல்லும் தொகைக்குள் மெஷ், மயக்க மருந்து வைத்தியரின் கட்டணம், ஒரு இரவுத் தங்கல் மூன்றும் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பில்லில் ஏறுவது பெரும்பாலும் இவைதான்.

நான் கொழுந்து பறிப்பவள், வயது 44. இடது தொடை மடிப்புக்குக் கீழே நெல்லிக்காய் போல ஒன்று. சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. பாரம் தூக்கினால் இழுக்கிறது. 'ஆம்பளைகளுக்குத்தான் ஹேர்னியா வரும்' என்கிறார்கள். விடலாமா?
– பொகவந்தலாவை வாசகி

விடக் கூடாது சகோதரி. ஆண்களுக்கே அதிகம் என்பது சரி. ஆனால் மடிப்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கமாக வருவது தொடைவழிக் குடலிறக்கமாக இருக்கலாம், அது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் வகை. அதன் வாசல் ஒடுக்கமானது, சுற்றிலும் எலும்பும் இறுகிய நாருமாக இருக்கும். குடல் நுழைந்தால் எளிதில் நெரிபடும். ஆண்களின் சிறிய, வலியில்லாத வீக்கத்தைப் போல 'பார்த்துக்கொண்டிருப்போம்' என்று இதைத் தள்ளிப்போடுவதில்லை.

நிணநீர்க் கட்டியும் இரத்தக்குழாய் வீக்கமும் இதே இடத்தில் வரும். கையால் பார்த்துத் தெளிவில்லாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனின்போது நிற்கவும் இருமவும் சொல்வார்கள், வெட்கப்படாமல் பலமாக இருமுங்கள். கருவுற்றிருக்கும்போது தொடையிடுக்கில் புதிதாக வரும் வீக்கம் பெரும்பாலும் இரத்தநாளப் புடைப்புத்தான், பிரசவத்துக்குப் பின் வற்றிவிடும். அதையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

முன்பதிலில் சொன்ன மூன்று வாசல் விஷயம் உங்களுக்குத்தான் மிக முக்கியம். வழக்கமான திறந்த முறையில் முன்பக்கம் வைக்கும் வலை மேலுள்ள இரண்டு வாசல்களையே மூடும், தொடை வாசல் திறந்தே கிடக்கும். பெண்களில் மேல்வாசல் குடலிறக்கம் என்று நினைத்துத் திறந்து சரிசெய்த பிறகு, கீழே ஒளிந்திருந்தது பின்னர் தலைகாட்டுவதுண்டு. அதனால் பெண்களுக்கு முடிந்தவரை துளை முறையையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் திறந்து செய்வதானால், 'தொடை வாசலையும் பார்ப்பீர்களா?' என்று கேளுங்கள். பார்த்து அதற்கும் வலை வைக்கும் முறைகள் திறந்த சத்திரசிகிச்சையிலும் உண்டு.

2011இல் வலது பக்கம் ஒப்பரேஷன் செய்தேன். இப்போது அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. அப்போது தந்த டயக்னோசிஸ் கார்ட் மண்சரிவின்போது லயத்தோடு (தோட்டத்து வரிசை வீட்டோடு) போய்விட்டது. பழைய தழும்பையே திரும்ப வெட்டுவார்களா?
– பதுளை வாசகர்

பெரும்பாலும் வெட்ட மாட்டார்கள். முன்பக்கமாகச் செய்தது பழுதானால் பின்பக்கமாகப் போவார்கள், பின்பக்கமாகச் செய்தது பழுதானால் முன்பக்கமாக வருவார்கள். ஒருமுறை கைவைத்த பாதையில் தசை, நரம்பு, விதைக்குப் போகும் இரத்தக்குழாய் எல்லாம் தழும்போடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரிக்கும்போது விதைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு விதை சூம்பும் ஆபத்து கூடுகிறது. புதிய பாதையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆக, முதலில் திறந்து செய்திருந்தால் இப்போது துளை முறை.

கார்ட் இல்லாவிட்டாலும் உடம்பு சொல்லும். தொடை மடிப்புக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒற்றைத் தழும்பு என்றால் திறந்தது. தொப்புளருகே ஒன்றும் அதற்குக் கீழே இரண்டுமாகச் சிறு புள்ளித் தழும்புகள் என்றால் துளை முறை. மெஷ் வைத்தார்களா என்பது தழும்பில் தெரியாது. செய்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் பெயரையும் வருடத்தையும், தெரிந்தால் வார்ட்டையும் சொல்லி, பழைய பீஎச்டீ இலக்கத்தை (வார்ட்டில் அனுமதித்தபோது போட்ட கட்டில் சீட்டின் எண்ணை) தேடித்தரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

ஏன் திரும்ப வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முன்பக்க வலை இடுப்பெலும்பின் முனையைத் தாண்டிப் போதுமான அளவு படியாமல் இருந்தால் அந்த மூலையில்தான் மறுபடி பிதுங்கும். அது நோயாளியின் குற்றமல்ல. நோயாளி பக்கம் மாற்றக்கூடியவை சில உண்டு: புகைத்தல், தீராத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது. லய அறையில் விறகடுப்புப் புகையோடு வாழ்பவருக்கு இருமல் பழக்கமாகவே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். வயதானவர் சிறுநீர் கழிக்க முக்குகிறார் என்றால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியையும் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு 76. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தது, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரை குடிக்கிறார். தொடையிடுக்கில் சிறு வீக்கம், வலி இல்லை. தோட்டத்து மேற்பிரிவில் இருக்கிறோம். செய்யத்தான் வேண்டுமா? துளை முறை அவருக்குச் சுகமாக இருக்குமா?
– மஸ்கெலியா வாசகி

துளை சிறிது என்பதால் உடம்புக்கும் சிரமம் சிறிது என்று நினைப்பது இயல்பு. அப்பாவின் நிலையில் அது தலைகீழ். முழு மயக்கமும் வயிற்றுக்குள் ஊதும் வாயுவும் பழுதுபட்ட இதயத்துக்குப் பாரம். அவருக்குச் செய்வதானால் அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்துத் திறந்து செய்வதே பாதுகாப்பு. பேசிக்கொண்டே படுத்திருப்பார். வலை சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க நடுவில் இருமவும் சொல்வார்கள். விதைப்பைக்குள் இறங்கிய பெரிய குடலிறக்கம், முன்பு புரொஸ்டேட்டை எடுத்தவர், அடிவயிற்றில் கதிர்ச்சிகிச்சை பெற்றவர் ஆகியோருக்கும் திறந்த முறையே பொருத்தம்.

செய்யத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. தொந்தரவு இல்லாத, அல்லது மிகச் சிறிய தொந்தரவுள்ள ஆண்களைக் காத்திருக்க விட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. அவசர நிலை வந்தது ஆயிரம் பேரில் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான். ஆனால் பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி கூடியதால், தாமாகவே வந்து செய்துகொண்டார்கள். எனவே காத்திருப்பது ஆபத்தல்ல, பலருக்கு அது தள்ளிப்போடுதல் மட்டுமே. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாட்டை நான் கணக்கில் எடுப்பேன். மழை இரவில் மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி, சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை மணித்தியாலம் ஆகும்? அதை நிபுணரிடம் சொல்லுங்கள். கிளினிக் மேசையில் இருப்பவருக்கு உங்கள் பாதை தெரியாது.

குளோபிடோகிரலை நீங்களாக நிறுத்த வேண்டாம். எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா என்பதை இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்: வீக்கம் உள்ளே போகாமல் கல்லுப்போல இறுகி வலித்தால், அதோடு வாந்தி வந்தால், வயிறு ஊதி மலமும் காற்றும் போகாமல் நின்றால், மேல்தோல் சிவந்தால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம். சில மணித்தியாலங்களில் குடல் செத்துவிடும். உடனே 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வண்டி ஏற முடியாத பாதையென்றால் அது வரும் இடத்துக்கு அவரைச் சுமந்து இறக்குங்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள், பலமாக அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள், சுடுநீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். வாயில் ஒன்றும் கொடுக்க வேண்டாம், சொட்டுத் தேத்தண்ணியும் கூட. விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடுவதுதான் உயிரை எடுக்கிறது.

மகனுக்கு 8 மாதம். அழும்போது தொடையிடுக்கில் புடைக்கிறது. வளர வளரச் சரியாகும் என்கிறார்கள்.
– இறாகலை வாசகி

தொப்புளில் வருவது பெரும்பாலும் தானாக மூடும். தொடையிடுக்கில் வருவது மூடாது. ஒரு வயதுக்குள் நெரிபடும் ஆபத்து பெரியவர்களைவிட அதிகம் என்பதால், கண்டுபிடித்துச் சில வாரங்களுக்குள் செய்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு மெஷ் வைப்பதில்லை. சிறு கீறல் வழியாகப் பையின் கழுத்தைக் கட்டிவிடுவதோடு வேலை முடிந்துவிடும், துளையா வெட்டா என்று தலையை உடைக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் காட்டினால் குழந்தைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டுவதால் பயனில்லை.

துளை முறையில் செய்து 12 நாளாகிறது. பழைய வீக்கம் இருந்த அதே இடத்தில் மறுபடி உருண்டையாக இருக்கிறது. ஒப்பரேஷன் பிழையாகிவிட்டதா? மரக்கறி மூட்டை ஏற்றி இறக்குவது என் தொழில். எப்போது தொடங்கலாம்?
– நுவரெலியா வாசகர்

பையை இழுத்தெடுத்த வெற்றிடத்தில் நீர் தேங்கியிருக்கும். துளை முறைக்குப் பின் இது சாதாரணம். இருமினால் பெரிதாகாது, படுத்தால் மறையாது. இந்த இரண்டையும் வைத்தே அது குடலிறக்கமல்ல என்று ஓரளவு அறியலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு அதை உறிஞ்சிவிடும். ஊசி குத்தி எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், கிருமி உள்ளே போய் வலையில் பிடித்தால் பெரிய வேலையாகிவிடும். விதைப்பை கறுத்து நீலம் பாரித்திருப்பதும் பயப்படத் தேவையில்லாதது. காய்ச்சல், காயத்திலிருந்து சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, விதையில் கடும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை இருந்தால் கிளினிக் திகதிவரை காத்திராமல் போங்கள்.

வேலை விஷயத்தில் பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. நடப்பதும் படி ஏறுவதும் முதல் நாளிலிருந்தே நல்லது. மூன்று முதல் ஐந்து நாளில் வலி விடும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம். திரீவீல் ஓட்டுபவர் திடீரென்று பிரேக்கை மிதித்தாலும் வலிக்காத நிலை வந்த பிறகு ஓட்டட்டும், பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம். ஆனால் ஈரப் படிக்கட்டில் 50 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றுவது வழக்கமான வேலைக் கணக்கில் வராது. அதற்கு நான்கு வாரம் பொறுங்கள், திறந்து செய்தவர் ஆறு வாரம். முதலில் பாதி மூட்டையோடு தொடங்குங்கள். கொழுந்துப் பாரத்துக்கும் இதே கணக்கு. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே 'பாரம் தூக்கக் கூடாது' என்று திகதியோடு எழுதி வாங்கினால் பிரட்டில் (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) வாக்குவாதம் வராது.

வலிக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாளொன்றுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவரும் ஈரல் நோயாளரும் வைத்தியரிடம் அளவைக் கேளுங்கள். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கறி மூட்டை தூக்குபவருக்கு மரக்கறி சாப்பிடச் சொல்லித் தருவது கொஞ்சம் அதிகம்தான்.

பெல்ட் கட்டிக்கொண்டால் ஒப்பரேஷன் தேவையில்லையா?
– கொட்டகலை வாசகர்

தேவை. பெல்ட் ஓட்டையை மூடாது. வீக்கம் வெளியே இருக்கும்போது மேலே இறுக்கினால் குடலைத்தான் நசுக்கும்.

ஒப்பரேஷன் அன்று காலையில் தேத்தண்ணி குடிக்கலாமா? முதல்நாளே வீட்டில் சவரம் செய்துகொண்டு போகவா?
– பண்டாரவளை வாசகர்

பால் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கிடுங்கள், ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தண்ணீரும் பாலில்லாத பிளேன்டீயும் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை பொதுவாக அனுமதிக்கப்படும். உங்கள் வார்ட்டில் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. வெற்றிலையும் அன்று வேண்டாம். சுருட்டு, பீடி, சிகரெட்டை நான்கு வாரத்துக்கு முன்பே விட்டால் காயம் நன்றாக ஆறும், மயக்கம் தெளியும்போது இருமலும் குறையும்.

சவரம் செய்யாதீர்கள். பிளேட் விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை அகற்றத் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியிலேயே கத்தரித்து விடுவார்கள். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, வழமையாகக் குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் உறையோடு எடுத்துப் போங்கள்.